அஞ்சு புள்ளி பத்து

அப்படிச் சொல்லாதீங்க தம்பி. பிடிச்சு வெச்சிருக்கேன்னு சொன்னா எப்படி? உங்க அம்மாவை யாராவது பிடிச்சு வெக்க முடியுமா, நீங்களே சொல்லுங்க. பெத்த பிள்ளை உங்களுக்குத் தெரியாததா.

முதல்ல உக்காருங்க. அந்த நாற்காலி வேணாம், அதுல பசை சிந்தியிருக்கு, பேன்ட்ல ஒட்டிக்கும். இதுல உக்காருங்க. மிஷின் சத்தம் இன்னும் கொஞ்ச நேரம் இருக்கும், பொறுத்துக்கணும். ஒரு பல் டாக்டருக்குப் போர்டு ஓடிட்டிருக்கு. நடுவுல நிறுத்தினா படத்துல ஒரு கோடு விழுந்துடும். பல் டாக்டர் போர்டுலயே பல்லு விரிசல் விட்டிருந்தா அப்புறம் யாரு உள்ள போவாங்க.

அம்மா இல்ல தம்பி. டாக்டரைப் பாக்கப் போயிருக்காங்க, அந்தக் காலுக்கு. ஆமா, படியில பிசகின கால் தான். இப்ப நல்லா நடக்குறாங்க, இதுதான் கடைசித் தடவையா இருக்கும். திரும்பி வர எப்படியும் அரை மணி நேரம் ஆகும். நீங்க இங்க வந்தது அவங்களுக்குத் தெரியாதுல்ல? நினைச்சேன். தெரிஞ்சிருந்தா உங்களுக்கு முன்னாடியே இந்த வாசல்ல வந்து நின்னிருப்பாங்க.

நீங்க கேக்குறது நியாயம் தான். இல்லேன்னு சொல்லல. அறுபது வயசாச்சு. உங்க அப்பா போனதுல இருந்து அந்த வீட்ல தனியா இருக்காங்க. நீங்க அங்க மனைவி பிள்ளையோட இருக்கீங்க, வீட்ல ஒரு ரூமும் காலியாக் கிடக்கு. சரி, அம்மாவைக் கூட்டிட்டுப் போயிடலாம்னு வந்து நின்னா, கடையில புரோகிராம் வேலை பாக்கி இருக்கு, அதை விட்டுட்டு வர முடியாதுங்கிறாங்க. அப்படி என்னய்யா உன் கடையில முடியாத புரோகிராம்னு நீங்க கேக்குறீங்க. அப்படிக் கேக்கலையா? சரி, சரி, மரியாதையாத் தான் கேட்டீங்க. கேள்வி அதுதானே?

சொல்றேன். ஆனா கொஞ்சம் பொறுமையா கேக்கணும். எனக்குப் பேச்சு அளவா வராது தம்பி. ஒண்ணு, வாயே திறக்க மாட்டேன். இல்லையா, ஆரம்பத்துல இருந்து சொன்னாத்தான் எனக்கே புரியும்.

இங்க நாங்க என்ன பண்றோம்னு பாத்தீங்கல்ல. போர்டு, கதவுல ஒட்டுற ஸ்டிக்கர், சுவர்ல ஒட்டுற படம், ஆளுயரக் கட்அவுட். அந்தக் கட்அவுட் தான் எங்களுக்குப் பேர் வாங்கிக் கொடுத்துச்சு. போட்டோவைக் கொடுத்து உயரத்தைச் சொன்னா போதும், அதே உயரத்துக்கு அட்டையில அடிச்சு வெட்டி நிக்க வெச்சுக் கொடுத்துடுவோம். ஆளுயரம்னு சொல்லிட்டு ஆளு உயரம் இல்லேன்னா என்ன அர்த்தம்? அரை அங்குலம் கூட நான் விட மாட்டேன். என் தங்கச்சி சொல்லுவா, அண்ணே, நீ சாப்பிட உக்காந்தா தட்டுக்கும் டம்ளருக்கும் நடுவுல இடைவெளி பாக்குறேன்னு. பாப்பேன். அதுல என்ன தப்பு?

முன்னாடி எல்லாம் உயரத்தைக் கேட்டு நானே கணக்குப் போட்டு மிஷினுக்குக் கொடுப்பேன். அப்புறம் ஜனங்க வீட்ல இருந்தே போன்ல ஆர்டர் போட ஆரம்பிச்சுட்டாங்க. அப்பத் தான் தங்கச்சி வீட்டுக்காரர் உள்ள வந்தார். மாப்ளன்னு தான் கூப்பிடுவேன். கம்ப்யூட்டர் தெரிஞ்சவர். நல்லாவே நீச்சல் அடிப்பார், ஆழம் எவ்வளவுன்னு மட்டும் பாக்க மாட்டார், அந்த மாதிரி. அவர் ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்தார். கஸ்டமர் உயரத்தைத் தட்டினா அதுவே புள்ளிக் கணக்கா மாத்தி மிஷினுக்கு அனுப்பிடும்.

புள்ளின்னா பிக்சல் தம்பி. நீங்க பிக்சல்னு சொல்லுவீங்க, கடையில நாங்க புள்ளின்னே பழகிட்டோம். படம்னு நாம பாக்குறது பூரா புள்ளி தானே. நம்ம பெரிய மிஷினுக்கு ஒரு அங்குலத்துக்கு நூத்தம்பது புள்ளி. நீங்க அடியில சொன்னாலும் சரி, சென்டிமீட்டர்ல சொன்னாலும் சரி, கடைசியில அது புள்ளியாகணும். மிஷினுக்கு வேற பாஷை தெரியாது.

கொஞ்ச நாள் நல்லாத் தான் ஓடுச்சு, கம்ப்யூட்டர் கணக்காச்சேன்னு நானும் அளந்து பாக்குறதை விட்டுட்டேன். அப்புறம் ஒரு நாள் காலையில, ஷட்டரை முழுசாக் கூடத் தூக்கல, குனிஞ்சு ஒரு அம்மா உள்ள வந்தாங்க. கையில சுருட்டின ஸ்டிக்கர். யாரு நீங்கன்னு கேட்டேன். நீங்க குள்ளமாக்கின பையனோட பாட்டின்னாங்க.

உங்க பையன் தான். சிரிக்காதீங்க. நீங்க லீவுக்கு வந்தப்ப சுவர்ல ஒட்டி வெச்சிருந்தாங்களே, ஒட்டகச்சிவிங்கி போட்டு, பக்கத்துல பிள்ளைங்க உயரம் பாக்குற மாதிரி கோடு கோடா, அது நம்ம கடைச் சரக்கு. உங்க பையன் அப்ப மூணடி நாலு அங்குலம். அதுல நிக்க வெச்சா ரெண்டரை அடின்னு காட்டுது. நான் சின்னதாயிட்டேன்னு ஒரே அழுகையாம். நீங்க தான் தூக்கி வெச்சுக்கிட்டு, நீ சரியாத் தான்டா இருக்க, ஒட்டகச்சிவிங்கி தான் பொய் சொல்லுதுன்னு சமாதானப்படுத்தினீங்களாம். அம்மா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க.

அன்னிக்கும் சண்டை பிடிக்கல. நேரா இந்தச் சுவர்கிட்ட போனாங்க, ஸ்டிக்கரை விரிச்சுப் பிடிச்சாங்க, பக்கத்துல அவங்களே நிமிர்ந்து நின்னாங்க. பாருங்க, உங்க கடைக் கணக்குல நான் நாலடி கூட இல்ல, இத்தனை வருஷமா அஞ்சடி ரெண்டுன்னு எல்லாரையும் ஏமாத்திட்டு இருந்திருக்கேன்னாங்க. ஸ்டிக்கரை வாங்கி டேப் வெச்சுப் பாத்தா, அடிக்குப் பன்னெண்டு அங்குலம் இருக்க வேண்டிய இடத்துல பதினாறு இருக்கு. நாலடி ஸ்டிக்கர் அஞ்சடி நாலு அங்குலம் நீளம். சுருட்டி உறையில போட்டு அனுப்பியிருக்கோம், ஒருத்தரும் விரிச்சுப் பாக்கல.

இந்த லட்சணத்துல நான் நிக்கும்போதே இன்னொருத்தர் உள்ள வர்றார். அக்குள்ல அவரையே இடுக்கிக்கிட்டு வர்றார். அவர் கட்அவுட்டை.

அவர் ஒரு கம்பெனியில ஜெனரல் மேனேஜரா இருந்து ஓய்வு பெற்றவர். பெரும்புள்ளி. ஆபீஸ்ல பிரிவு உபசாரத்துக்கு அவரை மாதிரியே கட்அவுட் அடிச்சு வாசல்ல வெச்சிருக்காங்க. அவர் காரை விட்டு இறங்கி வர்றார், வாசல்ல அவரே நின்னு வரவேற்கிறார், ஆனா ஒரு சாண் குள்ளமா. கூட்டத்துல யாரோ, பதவி போனா ஆளு இவ்வளவு சுருங்கிடுவாரான்னு கேட்டிருக்காங்க. எல்லாரும் சிரிச்சுட்டாங்க. வீட்டம்மா வேற, போட்டோவுக்கு இதுதான் இயற்கையா இருக்குன்னு அதோட தோள்ல கைபோட்டுப் படம் எடுத்துக்கிட்டாங்களாம். மனுஷனுக்கு எப்படி இருக்கும்.

கட்அவுட்டை நிக்க வெச்சுட்டு அவரும் பக்கத்துல நின்னார். அது அவர் மூக்குக்குக் கீழ நிக்குது. நான் அவரைப் பாக்குறேன், அதைப் பாக்குறேன். உங்க அம்மா என்ன பண்ணாங்க தெரியுமா, தன் ஸ்டிக்கரைக் கீழ வெச்சுட்டு ரொம்ப ஆர்வமா வந்தாங்க. வியாதி வித்தியாசமா இருந்தா டாக்டருங்களுக்கு ஒரு சந்தோஷம் வரும் பாருங்க, அந்த முகம். உங்க ஆபீஸ்ல உயரம் என்னன்னு தட்டினாங்கன்னு கேட்டாங்க. அஞ்சு புள்ளி பத்துன்னார்.

அவ்வளவு தான். உங்க அம்மா கைதட்டிட்டாங்க.

புரியலையா? எனக்கும் அப்பப் புரியல. நாம என்ன சொல்லுவோம், அஞ்சடி பத்து அங்குலத்தை எழுதும்போது அஞ்சு போட்டு ஒரு புள்ளி வெச்சுப் பத்துன்னு எழுதுவோம். எல்லாரும் அப்படித் தான் எழுதுறோம், நீங்களும் அப்படித் தான் எழுதுவீங்க. நமக்கு அந்தப் புள்ளி ஒரு சுவர். இந்தப் பக்கம் அடி, அந்தப் பக்கம் அங்குலம். கம்ப்யூட்டருக்கு அந்தப் புள்ளி தசமப் புள்ளி. அஞ்சு புள்ளி பத்துன்னா அதுக்கு அஞ்சு புள்ளி ஒண்ணு. கடைசி சைபருக்கு மதிப்பு இல்லேன்னு தள்ளிடும். அஞ்சே அஞ்சு அடி, அதுக்கு மேல ஒரு அடியில பத்துல ஒரு பங்கு. அதாவது அஞ்சடி ஒரு அங்குலம், கொஞ்சம் கூட. மனுஷன்கிட்ட இருந்து முழுசா ஒரு சாணைப் பிடுங்கிடுச்சு.

வேடிக்கை என்னன்னா, அது வரைக்கும் எல்லாக் கட்அவுட்டும் தப்பாத் தான் போயிருக்கு. அஞ்சு புள்ளி ஆறுன்னு போட்டவங்களுக்கு ஒரு அங்குலம் கூட வந்திருக்கு. அஞ்சு புள்ளி ஒன்பதுக்கு ரெண்டு அங்குலத்துக்குக் கொஞ்சம் கம்மி. உயரத்தைக் கூட்டிக் கொடுத்தா எவன் தம்பி சண்டைக்கு வருவான்? பாராட்டிட்டுப் போயிருக்காங்க. உங்க கடை கட்அவுட்ல ஒரு கம்பீரம் இருக்குன்னு ஒருத்தர் சொன்னார், நான் நம்பிட்டேன். பத்து, பதினொண்ணு, இந்த ரெண்டு அங்குலத்துக்காரங்களுக்கு மட்டும் தான் கண்டம். நல்ல உயரமா வளர்ந்தவங்களாப் பாத்துக் குட்டையாக்கியிருக்கோம்.

அந்தப் பெரியவர் இதைக் கேட்டுட்டுத் தன் கட்அவுட்டை உச்சியில இருந்து கால் வரைக்கும் பாத்தார். அப்புறம், அப்ப நான் சுருங்கலன்னு எழுதிக் கொடுப்பீங்களான்னார். உங்க அம்மா, எழுதிக் கொடுக்கிறது என்ன, புதுசாவே அடிச்சுக் கொடுப்பார், இந்தக் குட்டையானவரை வீட்ல வெச்சுக்கோங்க, உங்க வீட்டம்மாவுக்குப் பிடிச்சிருக்குல்லன்னாங்க. சிரிச்சுட்டார் மனுஷன்.

மாப்ளைக்குப் போன் போட்டு வரவழைச்சேன். உங்க அம்மா முப்பது வருஷம் கம்ப்யூட்டர்ல புரோகிராம் எழுதினவங்கன்னு அப்பத் தான் எங்களுக்குத் தெரியுது. மாப்ள எழுதினதை அந்த மூலையில உக்காந்து படிச்சாங்க. படிக்கிறப்ப முகத்துல ஒண்ணுமே தெரியல. கடைசியில, தைரியமா எழுதியிருக்கீங்கன்னு மட்டும் சொன்னாங்க. அது பாராட்டான்னு மாப்ள இன்னிக்கு வரைக்கும் என்கிட்ட கேட்டுட்டு இருக்கார்.

ஸ்டிக்கர் விஷயமும் அதுல தான் தெரிஞ்சுச்சு. பெரிய மிஷினுக்கு அங்குலத்துக்கு இத்தனை புள்ளின்னு சொல்லி வெச்சிருக்கார், சின்ன மிஷினை மறந்துட்டார். ஒட்டகச்சிவிங்கியைக் கம்ப்யூட்டர் திரைக் கணக்குல, அங்குலத்துக்குத் தொண்ணூத்தாறு புள்ளின்னு வரைஞ்சு அனுப்பியிருக்கார். சின்ன மிஷின், யாரும் எதுவும் சொல்லலையேன்னு, அதுவா அங்குலத்துக்கு எழுபத்திரெண்டுன்னு எடுத்துக்கிச்சு. புள்ளி ஒண்ணு கூடக் காணாமப் போகல. ஆனா ஒவ்வொரு அங்குலமும் வீங்கிப் போச்சு.

அப்ப உங்க அம்மா ஒண்ணு சொன்னாங்க. பிக்சலுக்கு நீளமே கிடையாதுங்கன்னு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுடுச்சு. அங்குலத்துக்கு எத்தனைன்னு பக்கத்துல ஒருத்தர் சொன்னாத்தான் அதுக்கு நீளமாம். சொல்லலேன்னா அது வெறும் புள்ளி, கடுகு அளவுலயும் இருக்கலாம், கதவு அளவுலயும் இருக்கலாம். இத்தனை வருஷமா நீளமே இல்லாத ஒண்ணை வெச்சு நான் அளந்து வியாபாரம் பண்ணிட்டு இருந்திருக்கேன். அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல தம்பி.

இந்தப் புரோகிராமை நான் புதுசா எழுதித் தர்றேன்னு அவங்களே தான் சொன்னாங்க. நான் கேக்கல. சத்தியமா நான் கேக்கல. வீட்ல சுவரைப் பாத்துட்டு உக்காந்திருக்கேன், இங்க வந்தா மிஷினையாவது பாக்கலாம்னாங்க.

முதல் வேலையா அந்தப் புள்ளியைத் தூக்கிட்டாங்க. அடிக்கு ஒரு கட்டம், அங்குலத்துக்கு ஒரு கட்டம், தனித்தனியா. மாப்ள ஒத்துக்கல. ரெண்டு கட்டம் வெச்சா கஸ்டமர் ஓடிடுவான் அக்கான்னார். ஓடட்டும் தம்பி, சரியான உயரத்தோட ஓடட்டும்னாங்க. அடுத்தது, யார் எதுல சொன்னாலும் உள்ள போனதும் மில்லிமீட்டரா மாத்தி அப்படியே வெச்சுடணும், மிஷினுக்குக் கொடுக்கிற கடைசி நிமிஷத்துல தான் புள்ளியாக்கணும், எந்த மிஷின்னு கேட்டுட்டு. எனக்கு அந்த எழுத்தெல்லாம் படிக்கத் தெரியாது. ஆனா நடுவுல ஒரே ஒரு வரி தமிழ்ல எழுதி வெச்சிருக்காங்க, புள்ளிக்கு நீளம் கிடையாதுன்னு. அதை மட்டும் நான் படிப்பேன்.

ஜனங்க என்னென்ன தட்டுவாங்கன்னு நினைக்கிறீங்க. அங்குலக் கட்டத்துல பதிமூணுன்னு ஒருத்தர். அது ஆறடி ஒண்ணுன்னு எடுத்துக்கலாமான்னு மரியாதையாக் கேக்கும். அளவுக் கட்டத்துல, என் வீட்டுக்காரரை விடக் கொஞ்சம் உயரமான்னு ஒரு அம்மா எழுதியிருந்தாங்க. அதுக்கு என்ன புரோகிராம் எழுதுறது? உங்க அம்மா அவங்களுக்குப் போன் போட்டு முக்கால் மணி நேரம் பேசினாங்க. அளவு மட்டும் கடைசி வரைக்கும் வரல.

கடையில அவங்களுக்கு என்ன பேர் தெரியுமா? அங்குலம்மா. அட்டை வெட்டுற நம்ம கட்டிங்காரர் ஆரம்பிச்சு வெச்சார், இப்ப கஸ்டமரே அங்குலம்மா இருக்காங்களான்னு தான் கேக்குறாங்க. கோபமே வராது அவங்களுக்கு. வருமா? உங்ககிட்ட வருமா? சரி, பிள்ளைங்ககிட்ட வர்றது வேற.

இதைச் சொல்லணும். எழுதி முடிச்சு முதல் ஸ்டிக்கர் அடிச்சோம், அதே ஒட்டகச்சிவிங்கி, ஒன்றரை மீட்டர் நீளம், சென்டிமீட்டர்ல கோடு. ஸ்டிக்கரோட நீளம் கச்சிதமா இருக்கு. எல்லாரும் சரியா இருக்குன்னுட்டாங்க. நான் எல்லாரும் போனப்புறம் கோட்டையும் டேப் வெச்சுப் பாத்தேன். கீழ சரியா இருக்கு. மேல போகப் போகக் கோடு விலகுது. நூத்தி நாப்பதாவது கோட்டுல முக்கால் சென்டிமீட்டருக்கு மேல வித்தியாசம். என்ன பண்றது? இவ்வளவு படிச்சவங்ககிட்ட நான் போய் எப்படிச் சொல்றது? சொல்லாமலும் இருக்க முடியல. அவங்க மேஜை மேல ஸ்டிக்கரை விரிச்சு, பக்கத்துலயே டேப்பையும் நீட்டி வெச்சுட்டு வீட்டுக்குப் போயிட்டேன்.

மறுநாள் வந்தா, எனக்கு முன்னாடியே உக்காந்திருக்காங்க. போச்சுடான்னு நினைச்சேன். நிமிர்ந்து பாத்து, நீங்க அளந்து பாத்தீங்களான்னாங்க. ஆமான்னேன். என் வேலையை இதுவரைக்கும் யாரும் அளந்து பாத்ததில்லன்னாங்க. அவ்வளவு சந்தோஷமா ஒருத்தர் தப்பு மாட்டினதைச் சொல்லி நான் பாத்ததில்ல தம்பி. ஒரு சென்டிமீட்டருக்கு முப்பத்தேழே முக்கால் புள்ளிக்குக் கொஞ்சம் கூட வருமாம். கால் புள்ளி, அரைப் புள்ளின்னு கிடையாதே, அதனால ஒவ்வொரு கோட்டுக்கும் முப்பத்தெட்டுன்னு முழுசாக்கி, அதுக்கு மேல அடுத்ததை வெச்சு ஏத்திக்கிட்டே போயிருக்காங்க. ஒவ்வொரு கோட்டுலயும் ஒரு துளி சேந்து சேந்து மேல அவ்வளவு ஆயிடுச்சு. ஒவ்வொரு கோட்டையும் தரையில இருந்து புதுசாக் கணக்குப் போட்டு, கடைசியில ஒரே ஒரு தடவை முழுசாக்கினா சரியாப் போச்சு. அதை அவங்களே கண்டுபிடிச்சு, அவங்களே மாத்தி, மத்தியானத்துக்குள்ள மறுபடி அடிச்சுக் கையில கொடுத்தாங்க. அளங்கன்னாங்க. அளந்தேன். அவங்க டேப்போட அந்த நுனியைப் பிடிச்சுக்கிட்டாங்க.

அதுல இருந்து எது அடிச்சாலும் ரெண்டு பேரும் அளப்போம். அவங்க ஒரு நுனி, நான் ஒரு நுனி.

ம்? இல்ல, டீ எல்லாம் வேணாம்னா விட்டுடுறேன். மிஷின் நின்னுடுச்சு பாருங்க, எவ்வளவு நிம்மதியா இருக்கு.

முழம் விஷயம் சொல்லிடுறேன், அதோட முடிச்சுடுறேன். ஒரு வயசான அம்மா, ஜன்னல் மறைப்புக்குப் படம் வேணும்னு, ரெண்டு முழம் அகலம்னு எழுதி அனுப்பியிருந்தாங்க. புரோகிராம் முழம்னா என்னன்னு தெரியலன்னு திருப்பி அனுப்பிடுச்சு. உங்க அம்மாவுக்கு மனசு கேக்கல. அவங்க சரியான அளவைத் தான் சொல்லியிருக்காங்க, நமக்குத் தான் தெரியல, சேத்துடலாம்னாங்க. நான் சொன்னேன், முழம் கைக்குக் கை மாறுமேங்க, யார் முழத்தைப் போடுவீங்கன்னு. டேப்பை எடுத்தாங்க. கையை நீட்டுங்கன்னாங்க.

முழங்கையில இருந்து நடுவிரல் நுனி வரைக்கும் டேப் வெச்சாங்க. பதினேழே முக்கால் அங்குலம். அதை மில்லிமீட்டராக்கி உள்ள எழுதிட்டாங்க. நம்ம புரோகிராம்ல இன்னிக்கு வரைக்கும் ஒரு முழம்னா என் கை தான் தம்பி. எவ்வளவோ ஊர்ல இருந்து ஆர்டர் வருது, யார் முழம்னு போட்டாலும் என் கை அளவுக்குத் தான் அடிச்சுப் போகுது.

சாணா? சாணும் இருக்கு. அது அவங்க கை. நான் தான் அளந்தேன். ஏழே முக்கால்.

ஏன் அப்படிப் பாக்குறீங்க? நான் ஏதாவது தப்பாச் சொல்லிட்டேனா?

இல்ல, கேளுங்க. கேளுங்க தம்பி, தயங்காதீங்க. ஆமா. அதைத் தான் கேப்பீங்கன்னு நானும் நினைச்சேன். எல்லாம் தான் சரியாப் போச்சே, அப்புறம் என்ன வேலை பாக்கி இருக்குன்னு.

ஒண்ணும் இல்ல தம்பி.

அந்த முழத்தோட முடிஞ்சுச்சு. ஏழெட்டு மாசம் ஆச்சு. அதுக்கப்புறம் ஒரு தப்பு கூட வரல. மாப்ளையே பாத்துக்கிறார், இப்ப ஆழம் பாத்துத் தான் இறங்குறார். நீங்க நாளைக்கே கூட்டிட்டுப் போனாலும் கடை ஓடும். எனக்கு அதுல பொய் சொல்ல வராது. அவங்க உங்ககிட்ட வேலை பாக்கின்னு சொன்னது வேற எப்படிச் சொல்றதுன்னு தெரியாம. நீங்க அவங்களைத் தப்பா நினைக்கக் கூடாது. உங்ககிட்ட பொய் சொல்லிட்டோமேன்னு ரெண்டு நாளா சரியாச் சாப்பிடல.

தினமும் வர்றாங்க. ஆமா. காலையில பத்து மணிக்கு வருவாங்க. அந்தக் கால் பிசகினப்ப ஒரு வாரம் வரல. நான் தான் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன், அவன்கிட்ட ஆறினப்புறம் நானே சொல்லிக்கிறேன், இப்பச் சொன்னா கிளம்பி வந்துடுவான்னாங்க. அந்த ஒரு வாரம் கட்டிங்காரர் தான் டேப்போட இன்னொரு நுனியைப் பிடிச்சார். சரியாத் தான் பிடிச்சார் பாவம். நான் தான் ஒவ்வொண்ணையும் ரெண்டு தடவை தப்பா அளந்தேன்.

போன்ல இப்பல்லாம் அம்மா சிரிச்சுப் பேசுறாங்கன்னு உள்ள வந்ததும் நீங்களே சொன்னீங்க. அதைக் கேட்டப்பவே நான் சொல்லியிருக்கணும். ஜெனரல் மேனேஜர், ஒட்டகச்சிவிங்கின்னு எங்கெங்கேயோ போயிட்டேன்.

போன மாசத் தொடக்கத்துல, நான் லேமினேஷன் மிஷின்ல நிக்கிறேன். அது போடுற சத்தம் உங்களுக்குத் தெரியாது, பக்கத்துல நின்னு கத்தினாலும் கேக்காது. அவங்க வந்து ஏதோ கேட்டாங்க. எந்த சைஸ்லங்கன்னு கேட்டேன் நான். அவங்க சிரிக்கிறாங்க, சுவரைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கிறாங்க. அப்புறம் போய் சுவிட்சை அணைச்சுட்டு வந்து மறுபடியும் கேட்டாங்க. நாம கல்யாணம் பண்ணிக்கலாமான்னு.

சிரிங்க, பரவாயில்ல. எனக்கும் சிரிப்பு வருது. எனக்கு அறுபத்தி மூணு. எல்லாரும் என்னைப் பண்ணிக்கோ பண்ணிக்கோன்னு தான் சொல்லியிருக்காங்க தம்பி. பண்ணிக்கலாமான்னு யாரும் கேட்டதில்ல. நான் சரின்னுட்டேன். யோசிக்கக் கூட இல்ல. எதையும் ரெண்டு தடவை அளக்குறவன், இதை அளக்கவே இல்ல.

அவனுக்கு நானே சொல்லிக்கிறேன்னாங்க. இல்ல, நான் தான் கேக்கணும், அதுதான் முறைன்னு பிடிவாதமா நின்னேன். அன்னியில இருந்து உங்க நம்பரை எடுத்து எடுத்து வெக்கிறேன். இன்னிக்கு நீங்களே வந்து எதிர்ல உக்காந்துட்டீங்க.

உங்க அப்பா இடத்துக்கு வர்றேன்னு நினைக்காதீங்க. அது அவர் இடம், அப்படியே இருக்கட்டும். உங்க அம்மா அவரைப் பத்திப் பேசுவாங்க, நான் கேட்டுக்குவேன், எனக்கு அவரைப் பிடிக்கும். நீங்க என்னைப் புதுசா ஒரு முறை வெச்சுக் கூப்பிடணும்னும் இல்ல. கடைக்காரர்னே கூப்பிடுங்க. பேரனைப் பாக்கணும்னு அவங்களுக்கு ஏக்கம் இருக்கு, அதுல சந்தேகமே இல்ல. ரெண்டு பேருமா வந்து பத்து நாள் தங்கிட்டுப் போறோம், அந்த ரூம் போதும்.

வர்ற வியாழக்கிழமை பதினோரு மணிக்குப் பதிவு பண்ணிக்கலாம்னு இருக்கோம். ஆபீஸ்ல மூணு சாட்சி கேக்குறாங்க. மாப்ள ஒண்ணு, கட்டிங்காரர் ஒண்ணு, ரெண்டு ஆச்சு தம்பி.